பாலூட்டும் தாயும் கூலி வேலையும்

பெற்ற குழந்தைக்குத் தாய் பாலூட்டுவதைப் பற்றித் தலையங்கப் பக்கத்திலே எழுதப் புகுவது நேயர்களிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். 'இது மருத்துவச்சிகளும் வீட்டுப் பெண்களும் பேசித் தீர்க்கவேண்டிய சங்கதியன்றோ? ராஜீய விஷயங்களுக்கு நடுவே இதற்கென்ன இடம்?' என்று அவர்கள் கேட்கக்கூடும். கூலி, வேலை நேரம், சட்டத்தின் ஷரத்து, முதலாளியின் கடமை, சர்க்காரின் பொக்கிஷம் ஆகிய ஐந்தும் எந்த விஷயத்திலே வந்து ஒன்றுகூடுகின்றனவோ, அது ராஜீய விஷயமேயாகும். அதைப் புருஷர்கள் இதுகாறும் பேசாதிருந்தமையே அதைப் பற்றி எழுதுவதற்குப் போதிய காரணம்.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையைத் தவளக்குப்பத்தில் விட்டு மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். நெல்லும் கரும்பும் விளைகின்ற பிரதேசம். வில்லியனூர், பாகூர் பக்கங்களிலுள்ள மற்றக் கிராமங்களைப் போலவே இங்கும் கூலிக்குப் போகும் ஸ்திரீகள் இருவகையினர். ஒரு வகையினர் பொழுது விடியுமுன் எழுந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். மற்றொரு வகையினர் பஸ் ஏறிப் பட்டணத்துக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் போகிறவர்கள். முன்னவள் தன் சிசுவை வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டித் தொங்கவிட்டு, மூத்த பெண்ணைக் காவல் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்குகிறாள். அல்லது வீட்டிலே மாமியார் கையில் ஒப்புவித்துவிட்டு வருகிறாள். பின்னவளுக்கு மாமியார் ஒருத்திதான் கதி. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரையில் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பவர் யார்? இவ்விருவரையும் பற்றி நாம் கேட்கும் கேள்வி இது ஒன்றேயாகும்.

தாயின் மார்பில் பால் சுரக்கும் முறையைப் புருஷர்கள் அறிந்திருப்பது அவசியம். அறியாமலே பலர் இவ்விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பால் என்பது குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரன்று, வேண்டும்போது மொண்டுகொள்வதற்கு. குழந்தை உறிஞ்ச உறிஞ்ச, அந்த உறிஞ்சலுக்கு ஏற்பவே அது உற்பத்தியாகிறது. பிறந்த சிசு நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரையில் பால் குடிக்கும். பல மணி நேரம் பாலை வெளியேற்றாது விட்டால் முதலில் மார்பு கனத்துப் பால் கட்டிக்கொள்கிறது. நோவும் சுரமும் வருகின்றன. அவ்வாறே நாள்தோறும் நிகழுமாயின், இவ்வளவு பால் வேண்டியதில்லை போலும் என்று சரீரமே தீர்மானித்துச் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. பிறகு ஊரார், 'அவளுக்குப் பால் போதவில்லை' என்கிறார்கள். பால் போதாமற் போகவில்லை. அதைக் கொடுக்க நேரந்தான் அகப்படவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது யாதெனில், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கொடுக்கலாகாது. அதற்கப்பால் மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் பாலூட்டலாம் என்பது. 2019–21 வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நமது நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவை 63.7 சதவிகிதம். புதுச்சேரியில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்கின்றன. அது பெருமைக்குரிய விஷயமே, சந்தேகமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளிவந்த தாய்க்கு அதன் பின் நேர்வது என்ன என்பதைக் கேட்பார் குறைவு.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நாம் ஷரத்து வாசித்துப் பிழைத்தவர்களாதலால், அது சொல்வதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே வாசிக்கும் வழக்கமுடையோம். 1961-ஆம் வருஷத்துப் பிரசவ சகாயச் சட்டம் பன்னிரண்டு வாரச் சம்பளத்தோடு ரஜா கொடுத்தது. 2017-இல் செய்த திருத்தம் அதை இருபத்தாறு வாரமாக்கிற்று. இப்போது அச்சட்டம் 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கி, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. இருபத்தாறு வாரம் என்றால் ஆறு மாதம். ஆகவே மருத்துவர் சொல்லும் ஆறு மாதமும் சட்டம் கொடுக்கும் ஆறு மாதமும் பொருந்திவிட்டன என்று எண்ணத் தோன்றும். அதே ஷரத்தில், பிரசவத்துக்கு முன்னே எட்டு வாரம் வரையில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது. நிறைமாதத்தில் நின்று வேலை செய்ய இயலாத பெண் அந்த எட்டு வாரத்தை எடுத்துக்கொண்டாளாயின், குழந்தைக்கு மிஞ்சுவது பதினெட்டு வாரமே. இரண்டு குழந்தைகள் உயிரோடிருக்க, மூன்றாவது பிறந்தால் ரஜா பன்னிரண்டு வாரந்தான். மூன்றாவது குழந்தையின் வயிறு முந்தியவற்றின் வயிற்றைக் காட்டிலும் சிறியதென்று சட்டசபை எங்ஙனம் கண்டுபிடித்ததோ, அறியோம்.

வேலைக்குத் திரும்பிய பிறகு அவளுக்கென்ன உண்டு? சாதாரண ஓய்வு இடைவேளையைத் தவிர, பாலூட்டுவதற்கென்று நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரையில். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பதினோராம் பிரிவு இதுவே. புதிய தொகுப்பிலும் வாசகம் பெரும்பாலும் மாறவில்லை. பழைய சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகள் பலவற்றில் ஒவ்வோர் இடைவேளையும் கால் மணி நேரம் என்று கண்டிருந்தது. காப்பகத்துக்குப் போய்வரும் நேரத்தைச் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். அன்றியும் ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனம் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்பது 2017-இன் திருத்தம். தொழிற்சாலைகளைப் பற்றியோ 1948-ஆம் வருஷத்திலேயே இத்தகைய ஷரத்து உண்டு. முதலில் ஐம்பது ஸ்திரீகளுக்கு மேல் என்றிருந்ததை, 1976-இல் முப்பதுக்கு மேல் என்று குறைத்தார்கள்.

காகிதத்திலே எல்லாம் செவ்வனே இருக்கிறது. அபிஷேகப்பாக்கத்துப் பெண்ணுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பட்டணத்து ஜவுளிக் கடையிலே அவளோடு எட்டுப் பேர் அல்லது இருபது பேர் வேலை செய்கிறார்கள். எட்டுப் பேராயின் அக்கடை சட்டத்தின் எல்லைக்கு வெளியே; ஏனெனில் கடைகளில் பத்துப் பேராவது இருந்தாலன்றிச் சட்டம் பொருந்தாது. இருபது பேராயின் ரஜா உண்டு, காப்பகம் இல்லை. சரி, இரண்டு கால்மணி உண்டே! குழந்தை இருப்பதோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். கால் மணி நேரத்தில் அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய்ச் சேரலாம். சட்டம் அவளுக்கு நேரத்தைக் கொடுத்தது, குழந்தையைக் கொடுக்கவில்லை. இதுவே இவ்விஷயத்தின் ஆணிவேர் என்பது நமது துணிபு. எத்தனை வாரம், எத்தனை நிமிஷம் என்று வாதாடுகிறவர்கள், வேலைக்கும் தொட்டிலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க மறந்துவிடுகிறார்கள்.

இந்தத் தத்துவம் புதிதன்று. பிரான்ஸ் தேசத்திலே, முதல் மகாயுத்தத்தின் நடுவே, 1917 ஆகஸ்டு 5-ஆம் தேதிச் சட்டத்தின்படி பாலூட்டும் தொழிலாளிக்குக் குழந்தை பிறந்து ஒரு வருஷம் வரையில் தினந்தோறும் ஒரு மணி நேரம் அளிக்கப்பட்டது. ஸ்திரீகள் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் பாலூட்டும் அறை வைக்கும்படி உத்தரவிடவும் அதில் இடமிருந்தது. அதே மூவர்ணக் கொடியின் கீழிருந்த புதுச்சேரியிலே நிலைமை யாது? பாரிஸில் இச்சட்டம் பிறந்து பத்தொன்பது வருஷம் சென்றும் நமது ஆலைத் தொழிலாளர் எட்டு மணி வேலைக்காகவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் போராட வேண்டியிருந்தது. 1936 ஜூலை 30-ஆம் தேதி பன்னிரண்டு பேர் துப்பாக்கிக்கு இரையானார்கள். அதன் பிறகே, 1937 ஏப்ரலில், எட்டு மணி வேலை இங்கே சட்டமாயிற்று. சமத்துவம், சகோதரத்துவம் என்று கல்லிலே செதுக்கிய ராஜ்யத்தில், தாயின் பாலுக்குக்கூட ஸ்வதேசப் பால், காலனிப் பால் என்று பேதம் இருந்ததைப் பாருங்கள்!

பிரிட்டிஷ் இந்தியாவின் கதையும் மெச்சத்தக்கதன்று. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே தினம் இரண்டு முறை அரை மணி விடவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. பம்பாய் ஆலைத் தாய்மார்கள் குழந்தைக்கு அபினி கொடுத்துத் தூங்கப்பண்ணிவிட்டு வேலைக்குச் சென்ற கொடுமை அக்காலத்து விசாரணைகளில் பதிவாகியிருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்வது எளிது. பத்து மணி நேரம் அழும் குழந்தையை வேறு யாரிடம் விடுவது என்பதற்கு அக்காலத்துக் கனவான்கள் ஒருவரும் விடை பகரவில்லை. 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ சகாய மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார்; தாய்க்குரிய ஓய்வு தேசத்தின் நன்மைக்கே என்பதும், ஆகவே அதன் பாரத்தில் பெரும்பங்கைச் சர்க்காரே தாங்குவது தகும் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய நியாயம். 1929-இல் அது சட்டமாயிற்று. சென்னை ராஜதானி 1934-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அதைப் பின்பற்றிற்று.

ஆயினும் வேலைக்குப் பக்கத்திலே தொட்டிலைக் கொண்டுவந்து வைத்தவர்கள் தமிழரிடையே இருந்தார்கள். அவர்கள் யாரென்றால் தோட்டத் துரைமார்! இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அதற்குப் 'பிள்ளைக்காம்பரா' என்று பெயர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் 'ஆயாக் கொட்டகை'. கொழுந்து பறிக்கும் பெண், பால்வெட்டும் பெண், விடியற்காலையில் குழந்தையை அங்கே விட்டுச் செல்வாள். ஓர் ஆயா, பெரும்பாலும் மலையேற முடியாத வயதுடைய கிழவி, தூளிகளை ஆட்டிக்கொண்டிருப்பாள். தாய் நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்புவாள். துரைமார் தர்மவான்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் கொட்டகைகளில் பலவற்றின் இருட்டும் ஈயும் யாவரும் அறிந்தவை. பெண்ணின் கை இல்லாவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆகையால் கையோடு குழந்தைக்கும் இடம் கொடுத்தார்கள். லாபம் கருதியவனே இதைச் செய்ய முடிந்ததென்றால், ஜனங்களின் சர்க்கார் என்று பெயர் படைத்தது செய்ய முடியாதென்பது எப்படி நியாயமாகும்?

இந்தியத் தோட்டங்களுக்கு 1951-ஆம் வருஷத்துச் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கிற்று. தொழிற்சாலைக்கும் ஆயிற்று, தோட்டத்துக்கும் ஆயிற்று. வயலுக்குத்தான் ஆகவில்லை. நடவுப் பெண்ணுக்கு முதலாளி ஒருவனல்லன். இன்று ஒரு மிராசுதாரின் கழனி, நாளை குத்தகைக்காரர் ஒருவரின் கழனி. எண்பது நாள் ஒரே இடத்தில் வேலை செய்ததாக அவள் எந்தப் பதிவேட்டைக் காட்டுவாள்? டில்லி நகரசபையில் தினக்கூலிக்குச் சாலை போட்ட பெண்களின் வழக்கிலே, நிரந்தரச் சிப்பந்திகளல்லாத அவர்களுக்கும் பிரசவ சகாயம் உண்டென்று 2000-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறந்த தீர்ப்பு, ஆனால் அங்கே நகரசபை என்று ஓர் எஜமானாவது இருந்தது. 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்தும் அதற்கு மேலும் வந்தால், அவர்களைப் பார்க்க ஒருத்தியைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டுமென்று எழுதிற்று. ஏரி தூர்வாரும் இடங்களில் அந்த ஒருத்தியை நேயர்கள் எத்தனை தடவை கண்டிருக்கிறார்கள் என்பதை அவரவரே நினைத்துப் பார்க்கலாம்.

வயற்பெண்ணுக்குச் சர்க்கார் தரும் பணமும் உண்டு. 2017 முதல் வழங்கிவரும் மத்திய சர்க்காரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய். நாட்கூலி முந்நூறு என்று வைத்துக்கொண்டால் அது பதினேழு நாட் கூலியாகும். கடைக்காரியும் குமாஸ்தாப் பெண்ணும் இருபத்தாறு வாரம் பெறும்போது, வெயிலிலே குனிந்து நிற்பவளுக்குப் பதினேழு நாள்! பதினெட்டாம் நாள் அவள் கழனியில் இறங்குகிறாள் என்று யாரும் வியப்படைய வேண்டியதில்லை.

இங்கே நமது நண்பர்கள் சிலர் குறுக்கிட்டு, 'குழந்தை பெற்றவள் வீட்டிலே இருப்பதுதான் நமது நாகரிகம். அவளை ஏன் வேலைக்கு அனுப்ப வேண்டும்?' என்பார்கள். இவ்வாறு சொல்கிறவர்களின் வீட்டு நெல், எந்தப் பெண்ணின் கையால் நடப்பட்டதென்று அவர்கள் விசாரித்ததுண்டா? கூலிக்காரப் பெண் வீட்டில் இருந்த காலம் தமிழ்நாட்டின் சரித்திரத்தில் எந்த நூற்றாண்டிலும் இல்லை. அவள் வருமானம் நின்றால் அடுப்பு நிற்கும். அடுப்பு நின்றால் அவள் உண்பதும் நின்று, பாலும் வற்றும்.

வேறு சிலர் டப்பாப் பாலைக் காட்டுகிறார்கள். 1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், ஏழைகளிடம் டப்பாப் பாலைப் புகழ்ந்து விற்பதைக் கொலைக்குச் சமானமென்றே சொல்லிப் பெரிய மனிதர்களின் சபையொன்றில் பேசினார். அழுக்குத் தண்ணீரில் கரைத்து, டப்பா தீர்ந்துவிடுமே என்று நீர்க்கக் கரைத்து, புட்டியைச் சரியாகக் காய்ச்சாமல் கொடுக்கும் பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கையே கொண்டுவரும். நமது நாட்டில் 1992-ஆம் வருஷத்துச் சட்டம் இத்தகைய பாலுக்கு விளம்பரம் செய்வதைத் தடுத்துவிட்டது. மருந்தாக வேண்டிய இடத்தில் வைத்தியர் சொற்படி கொடுப்பது வேறு. தாயின் வேலை நேரத்தை முதலாளிக்கு மிச்சப்படுத்துவதற்காகக் கொடுப்பது வேறு.

தாயின் பாலையே பீச்சி வைத்துவிட்டுப் போகலாமென்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஏதோ அசுத்தமென்று எண்ணுகிறார்கள். ஜிப்மர் ஆஸ்பத்திரியிலே 2016 முதல் தாய்ப்பால் வங்கியே இருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் அதனால் பிழைக்கின்றன. கையைக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பீச்சி, மூடிவைத்த பால் 25 டிகிரி உஷ்ணத்தில் நாலு மணி நேரம் கெடாது. நமது சித்திரை வெயிலில் அத்தனை நேரம் வைக்கலாகாது. குளிர்ப் பெட்டியில் நாலு நாள் வரையில் வைக்கலாம். அதை அடுப்பில் வைத்துக் காய்ச்சுதல் கூடாது. வெதுவெதுப்பான நீரில் கிண்ணத்தை வைத்து ஆற்றுப்படுத்தி, நமது பாட்டிமார் கைக்கொண்ட பாலாடையாலோ சங்காலோ புகட்ட வேண்டும். ஆனால் கடையிலோ கம்பெனியிலோ பீச்சுவதற்கு ஒதுக்குப்புறமான ஓர் அறை வேண்டுமே! தமிழ்நாட்டில் 2015-இல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். பிரயாணிக்குக் கிடைத்த இந்த மரியாதை, தினந்தோறும் பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவளுக்கும் கிடைக்க வேண்டாமா? இப்பொழுது அவளுக்குக் கிடைப்பது கக்கூஸ். அதுவும் சில இடங்களில் இல்லை.

செலவைப் பற்றி முதலாளிகள் சொல்வதில் ஓரளவு நியாயமுண்டு. இருபத்தாறு வாரச் சம்பளத்தை அந்த ஒரு கடைக்காரரின் தலையிலேயே கட்டினால், அடுத்த முறை அவர் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கமாட்டார். 2000-ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கை இதனாலேயே, இப்பணம் பொதுநிதியிலிருந்தோ இன்ஷூரன்ஸிலிருந்தோ வரவேண்டும் என்றது. நமக்கு அந்த வழியும் 1948 முதல் இருக்கிறது; தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் நிதியில் அடங்கிய பெண்ணுக்கு அந்த நிதியே முழுச் சம்பளத்தையும் கொடுக்கிறது. சந்தா செலுத்தும் கடைக்காரர் தமது சிப்பந்தியின் பெயரைப் பதிவேட்டில் மறைக்காதிருந்தாற் போதும். நிதியில் அடங்காத வயற்பெண்ணுக்குச் சர்க்கார்தான் தரவேண்டும். அம்பேத்கர் 1928-இல் காட்டிய நியாயம் இங்கே முழுதும் பொருந்துகிறது.

பணத்தைக் காட்டிலும் அவசரமானது தொட்டில். 1969-இல் டில்லியில், காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காக ராஜகாட்டின் அருகே கண்காட்சி மண்டபங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது, கல் சுமந்த பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடந்ததைக் கண்டு, மீரா மகாதேவன் என்ற அம்மையார் அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். கட்டட வேலை எங்கே போனாலும் பின்னாலேயே போகும் காப்பகங்கள் அதிலிருந்து பெருகின. கூடாரமும் நான்கு தூளியும் இரண்டு பெண்களுமே அதற்கு மூலதனம். அபிஷேகப்பாக்கத்தில் அங்கன்வாடி என்ற பெயரில் கட்டடமே இருக்கிறது. ஆனால் 1975-இல் பிறந்த அந்த ஏற்பாடு மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையைத்தான் உட்கார வைத்துக்கொள்கிறது. அதற்குக் கீழ்ப்பட்டதற்கு மாவுப் பொட்டலம் கொடுத்தனுப்புகிறது. 2022 முதல் 'பால்னா' என்ற புதுத் திட்டம், அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கப் பார்க்கிறது. 'பால்னா' என்றால் ஹிந்தியில் தொட்டில். பெயர் தொட்டில், ஆனால் சேர்த்துக்கொள்வது ஆறு மாதம் நிறைந்த குழந்தையைத்தான். தூளியிலே கிடக்கும் மூன்று மாதச் சிசுவுக்கு அதில் இடமில்லை. அதன் தாய்க்கு ரஜாவும் இல்லை.

ஆதலின், புதுச்சேரிச் சர்க்காரும் கொம்யூன் பஞ்சாயத்துக்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடவு, அறுப்புக் காலங்களில் அங்கன்வாடியை விடியற்காலை ஆறு மணிக்குத் திறந்து, கைக்குழந்தைகளையும் ஏற்று, ஊரிலுள்ள மூதாட்டிகள் இருவருக்குக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். வயல் அங்கிருந்து நடைதூரமே. தாய் ஒன்பது மணிக்கு ஒரு முறையும் பதினொரு மணிக்கு ஒரு முறையும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த அரை மணிக்குக் கூலி பிடிக்கலாகாதென்று நடவு பேசும்போதே பேசிக்கொள்ள வேண்டும். அதைப் பேசுகிறவர் பெரும்பாலும் புருஷர். ஆகையால் இது அவர்கள் பொறுப்பு.

பட்டணத்தில் இந்தப் பொறுப்பு தொழிற்சங்கங்களைச் சேரும். ரோடியர், சுதேசி, பாரதி ஆகிய மூன்று ஆலைகளும் 2020-இல் மூடப்பட்டுவிட்டன. அவற்றோடு ஸ்திரீத் தொழிலாளர் நூற்றுக்கணக்காக ஒரே கூரையின் கீழ் நின்ற காலமும் போயிற்று. இன்று அவர்கள் கடைக்கு ஐந்தாகவும் பத்தாகவும் சிதறியிருக்கிறார்கள். தனித்தனிக் கடைக்குக் காப்பகம் கேட்பது வீண். ஒரு வீதியின் கடைகள் சேர்ந்து, அல்லது பஸ் நிலையத்தின் அருகே நகரசபையே முன்னின்று, ஒரு பொதுக் காப்பகம் வைத்தால், தாய் காலையில் குழந்தையோடு பஸ் ஏறி அங்கே விட்டுவிட்டு, இரண்டு கால்மணியையும் உண்மையாகவே பாலூட்டச் செலவிடலாம். சங்கத்தார் முதலாளிகளிடம் சமர்ப்பிக்கும் மகஜர்களைப் பார்த்திருக்கிறோம். போனஸ் முதலிலும் பஞ்சப்படி இரண்டாவதிலும் நிற்க, ஸ்திரீகளின் கோரிக்கை கடைசிக்கு முந்திய வரியில் நின்று, சமரசப் பேச்சில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது அதுவே என்பதைச் சங்கக் காரியதரிசிகள் மறுக்கமாட்டார்கள். அடுத்த மகஜரில் அதை எந்த எண்ணிட்டு எழுதப் போகிறார்கள் என்று அவர்களைக் கேட்கிறோம்.